ஒரு கதவிலக்கம், இரண்டு மீட்டர்

திருவரங்குளத்துப் பக்கம் திருமுருகனைப் பற்றி விசாரித்தால், கெட்டவன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கம்ப்யூட்டர் படித்தும் சென்னைக்கு ஓடாமல், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் பெயிண்ட் கடை மாடியில் இருக்கும் சின்ன ஆபீசில் வேலை பார்க்கிறவன். யார் கேட்டாலும் பட்டா நகலைப் போனிலேயே எடுத்துக் கொடுப்பான். இத்தனையும் சொல்லிவிட்டு, 'ஆனா...' என்று ஓர் இழுவை இழுப்பார்கள். அந்த இழுவைக்குக் காரணம் அவன் வீட்டு நடுவில் நிற்கும் சுவர்.

அண்ணன் முத்துராமன் இருந்தவரை அது ஒரே வீடு. அவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அண்ணி அழகி, மகள் இலக்கியாவை வைத்துக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். வருஷம் திரும்புவதற்குள் திருமுருகனின் மனைவி சரண்யா படுக்கையறைக்கு ஏ.சி. வாங்கினாள். கரண்டு பில் ஏறியது. யாரால் ஏறியது என்று பேச்சும் ஏறியது. ஒரு ஃபேனும் ஒரு டியூப் லைட்டும் போடுகிறவளைப் பார்த்து அப்படிக் கேட்க எப்படித்தான் வாய் வந்ததோ. கடைசியில் நடுவில் சுவர் வைத்து, மீட்டரையும் பிரித்துவிடுவது என்று திருமுருகன் முடிவெடுத்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் பிரிந்ததற்கு அடையாளம் இரண்டு. அடுப்பு தனி, மீட்டர் தனி. அடுப்பு பிரிந்தாலும் குழம்புக் கிண்ணம் அங்கிட்டும் இங்கிட்டும் போய்வரும். மீட்டர் பிரிந்துவிட்டால் பிரிந்ததுதான். நல்லது கெட்டதுக்குக்கூடத் தனித்தனியாக வந்து அழைக்க வேண்டும். அதனால்தான் அழகி அன்றைக்கு அவ்வளவு கெஞ்சினாள்.

"சுவரு வேணும்னா வச்சுக்கங்க தம்பி. மீட்டரு மட்டும் ஒண்ணா இருக்கட்டும். அதையும் பிரிச்சுட்டா எங்களை அத்துவிட்டதா ஊரு பேசும்."

கணக்கு கணக்காக இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது என்று திருமுருகன் சொன்னான். புது மீட்டர் வந்தது. கதவிலக்கத்தை மட்டும் அவன் பிரிக்கவில்லை. பிரித்தால் வீட்டு வரி இரண்டாகும், பஞ்சாயத்து ஆபீசுக்கு நாயாய் அலைய வேண்டும். கருமித்தனம் பாதி, சோம்பேறித்தனம் பாதி, அது அப்படியே கிடந்தது.

அதற்கப்புறம் சில வருஷம் கழித்து, ஏழைப் பெண்களின் படிப்புக்கு உதவும் சென்னை அறக்கட்டளை ஒன்று திருமுருகனின் ஆபீசைத் தேடி வந்தது. விண்ணப்பிக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் அனுப்பி வசதியைப் பார்ப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டில் ஓடும் கரண்டை வைத்தே வசதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். பில் விவரங்களைத் திரட்டி விற்கும் தனியார் கம்பெனி ஒன்றும் இருந்தது. சர்வீஸ் நம்பரைக் கொடுத்தால் பெயர், கதவிலக்கம், ஒரு வருஷத்து யூனிட் எல்லாம் நொடியில் வந்துவிடும். அந்தச் சேவையை அறக்கட்டளையின் இணையதளத்தோடு இணைப்பதற்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை திருமுருகனுக்கு வந்தது.

நன்றாகத்தான் போட்டான், பொய் சொல்லக்கூடாது. எந்தெந்த விவரத்தைக் கேட்பது, சம்மதத்தை எந்த இடத்தில் வாங்குவது, அந்தக் கம்பெனி சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒன்று விடாமல் யோசித்திருந்தான். வீடியோ கூட்டத்தில் அறக்கட்டளை அதிகாரி ரகுநாத்தே வாய் நிறையப் பாராட்டினார். அதோடு நின்றிருக்கலாம். இலவச யூனிட்டுக்காக ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் வைத்திருக்கிறவர்களை எப்படிப் பிடிப்பது என்று ரகுநாத் கேட்டார். கிராமத்தை அறிந்தவன் என்று காட்டிக்கொள்ளத் திருமுருகனுக்கு அதைவிட வேறு சந்தர்ப்பம் எது? ஒரே கதவிலக்கத்தில் எத்தனை சர்வீஸ் இருந்தாலும் யூனிட்டைக் கூட்டிவிடலாம், கூட்டினது வரம்பைத் தாண்டினால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம் என்றான்.

அண்ணன் தம்பிகள் பிரிந்துபோய் ஒரே வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்றார் ரகுநாத். கேட்டவர் சென்னைக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

"எங்க ஊர்ப் பக்கம் எல்லாருமே அப்படித்தான் சார் சொல்லுவாங்க. கேட்டாப் பிரிஞ்சிட்டோம்பாங்க, பொங்கலுக்கு ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுவாங்க."

கூட்டமே சிரித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து பொங்கல் தனியாகப் பொங்கியது அவனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் வாயை மூடியிருப்பானா என்பது சந்தேகம்தான். தள்ளப்பட்டவர்கள் விளக்கம் எழுதி அனுப்பவும், அதை ஓர் ஆள் படித்துப் பார்க்கவும் திட்டத்தில் ஓர் இடம் இருந்தது. அதைச் செய்தால் வேலை இழுக்கும், தேதி தள்ளிப்போகும் என்று அதையும் அவனே அடித்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகி அவன் வாசலில் வந்து நின்றாள். மீட்டர் பிரிந்த பிறகு அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. முந்திரிக்கொட்டை ஓட்டில் வடியும் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்களுக்குள் மகளின் போன் இருந்தது. இலக்கியாவுக்குத் திருச்சியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அந்த அறக்கட்டளை உதவினால்தான் சேர முடியும். இல்லையென்றால் அம்மாவோடு கொட்டை உடைக்கப் போக வேண்டியதுதான். உங்கள் வீட்டு மின் பயன்பாடு வரம்புக்கு மேல் இருப்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று போனில் செய்தி வந்திருந்தது. நூறு யூனிட்டை எட்டிக்கூடப் பார்க்காத வீட்டுக்கு இப்படி வந்திருக்கிறதே, எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, கம்ப்யூட்டர் தெரிந்தவர் நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றாள்.

திருமுருகன் போனை வாங்கிப் பார்த்தான். செய்தியைப் படித்து முடிக்குமுன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. கூட்டப்பட்டிருந்தது அவன் வீட்டு ஏ.சி.

"அது சென்னைல போட்ட ரூலு அண்ணி. கேட்டுப் பாக்குறேன்" என்றான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியமில்லை.

மறுநாள் ரகுநாத்தோடு பேசினான். அது தன் அண்ணி வீடு, நிஜமாகவே தனிக்குடும்பம், தானே சாட்சி என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். ரகுநாத் கோபப்படவில்லை. எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். சொந்தக்காரருக்காக விதியை வளைத்தால் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டார். திருமுருகன் போனை வைத்தான். பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடிப்போய்த் தனிக் கதவிலக்கம் கேட்டான். எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். கல்லூரியில் சேரும் தேதியோ அந்த வாரமே முடிந்தது.

அடுத்த ஞாயிறும் அழகி வந்தாள். இந்தத் தடவை படி ஏறவில்லை, தெருவிலேயே நின்றாள். அந்த இணையதளத்தின் அடியில், அதைச் செய்து கொடுத்த ஆபீசின் பெயர் போட்டிருந்ததாம். இலக்கியா பார்த்துவிட்டாள்; தெரிந்தவர்களிடம் கேட்டு, செய்தது யார் என்பதையும் தெரிந்துகொண்டுவிட்டாள். பெரிய சண்டையாக இருக்கும் என்று சரண்யா கதவோரம் வந்து நின்றாள். அழகி குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எங்களை அத்துவிடாதீங்கன்னு அன்னைக்கு அம்புட்டுக் கெஞ்சுனேன் தம்பி, கேக்கலை. இன்னைக்கு எம் புள்ள வாயில மண்ணள்ளிப் போடுறதுக்குன்னா மட்டும் நாம ஒரே குடும்பமா?"

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். கேட்க அவள் நிற்கவில்லை.

மறுநாள் விடியலில் முந்திரிக் களத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வண்டியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இலக்கியாவும் ஏறிக்கொண்டாள். சித்தப்பா வாசலில் நிற்பதைப் பார்த்தும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள். அன்று முதல் திருமுருகன் ஏ.சி. போடுவதில்லை. இனி போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை.