வாளிக்கா, மாமாவுக்கா?

அந்த விஞ்ச்காரருக்கு ‘நிதானம்’ என்ற பட்டப்பெயரை வைத்தது யார் என்று அவருக்கே நினைவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கட்டட வேலையில் அவரை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தரையில் ஒரு தகரக் கூரை, அதன் கீழ் ஒரு மோட்டார், ஒரு இரும்பு உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு, கைக்குப் பக்கத்தில் பிரேக். இதுதான் விஞ்ச். கீழே கலவைக்காரர் பெரிய வாளியில் கலவையை நிரப்பிக் கொக்கியில் மாட்டுவார். இவர் மேலே ஏற்றுவார், காலி வாளியை இறக்குவார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதை அவர் செய்வதைப் பார்த்தால் கைக்குழந்தையைத் தூக்கித் தொட்டிலில் போடுவது போல இருக்கும்.

காலையில் வந்ததும் ஒரு கந்தைத் துணியை எடுத்துக் கயிறு முழுக்க மெல்ல உருவிப் பார்ப்பார். எங்காவது ஒரு இழை அறுந்திருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். மாட்டினால் அன்றைக்கு விஞ்ச் ஓடாது. மேஸ்திரி குதித்தாலும் சரி, மேஸ்திரியின் மேஸ்திரி குதித்தாலும் சரி. ரோட்டிலும் அதே கதைதான். தெருமுனைக் குழாயடி வரைக்கும் பைக்கை எடுப்பதானாலும் ஹெல்மெட் வேண்டும். “முடி வெட்டப் போனாலும் கழட்ட மாட்டார், ஹெல்மெட்டுக்கு வெளியில இருக்கறத மட்டும் வெட்டிக்குவார்” என்று கலவைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இவரும் சிரிப்பார். அதிலும் ஒரு நிதானம் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு நாள் நிதானம் தவறிப் பேசிவிட்டார். அந்த ஒரு பேச்சுதான் இத்தனைக்கும் வித்து.

அவர் மனைவிக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாதவன். அக்கா வீட்டில் வளர்ந்தவன். அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் நின்று, மேலே வரும் வாளியை உள்ளே இழுத்துக் கொட்டுவது அவன் வேலை. அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப் போய், அவள் வீட்டில் பேசுவதற்காக எல்லோரும் போயிருந்தார்கள். மச்சினன் மட்டும் பின்னால் பைக்கில் வந்தான். தலை வாரிய அழகு கலைந்துவிடக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தான். பெண்ணின் அப்பா வாசலில் நிற்கிறார். விஞ்ச்காரர் நேரே போய் வண்டிச் சாவியைப் பிடுங்கினார். “உள்ள ஏதாவது இருந்தாத்தானே மூடி வைக்கத் தோணும், இது காலி டப்பா” என்றார். பெண்ணின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு சிரிப்பு கேட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தவர்கள் இன்றுவரை யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்றோடு மச்சினன் பேச்சை நிறுத்திவிட்டான். ஜாகையையும் மாற்றிக்கொண்டு போய்விட்டான். நாற்பத்து மூன்று நாள். அவர்களுக்குள் மிஞ்சியது வேலைச் சொற்கள் மூன்றுதான். எடு, நிறுத்து, விடு. ‘எடு’ என்றால் வாளி மேலே போகும். ‘நிறுத்து’ என்றால் நிற்கும். கொட்டி முடித்து, கையை எடுத்துக்கொண்டு, ஓரடி பின்னால் நகர்ந்து ‘விடு’ என்றால் இவர் பிரேக்கைத் தளர்த்துவார். இந்த மூன்று சொல்லுக்காகவே அவர் தினமும் வேலைக்குப் போனார் என்றுகூடச் சொல்லலாம்.

முன்பெல்லாம் இதைக் கத்தித்தான் சொல்வார்கள். நாலு மாடி உயரத்துக்குக் கத்தும்போது யாராலும் மனசில் இருப்பதைக் கத்த முடியாது. அந்த மாதம்தான் பாதுகாப்புக்கென்று இருவருக்கும் வாக்கி டாக்கி கொடுத்தார்கள். தப்பாகக் காதில் விழுந்து விபத்து நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் கொடுத்தார்கள். ஆனால் நாலாவது மாடியில் நிற்கிறவன் விடும் மூச்சு இவர் காதுக்குள்ளேயே கேட்க ஆரம்பித்துவிட்டது. மச்சினனுக்கு ஒரு அவசரப் புத்தி. பேசி முடிப்பதற்குள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவான். ‘நிறுத்து’ பல தடவை ‘நிறுத்’ என்றுதான் வந்து சேரும்.

சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வாக்கில். வாளி மேலே போய் நின்றது. வழக்கமாக வாளி நின்றதும் இவர் மனசுக்குள் எண்ண ஆரம்பிப்பார். கொட்டி முடிக்க அறுபது எண்ணும் நேரம் ஆகும். அதற்கு முன்னால் ‘விடு’ என்று வந்தால் என்னவென்று கேட்பார். அன்றைக்கு எண்ணவில்லை. எப்போதிருந்தோ நெஞ்சுக்குள் புரட்டிக்கொண்டிருந்த வாக்கியம் தானாகப் பொத்தானை அமுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

“மாப்ள, அன்னிக்கு நான் பேசினது தப்புடா.”

கலவை இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு வந்தது.

“சரி... விடு.”

கை பிரேக்கைத் தளர்த்திவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சொல்லுக்கு அந்தக் கை செய்ததையே அன்றும் செய்தது. வாளியில் கலவை அப்படியே இருந்தது. மச்சினன் வலது கையில் வாக்கி டாக்கியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் வாளி விளிம்பைப் பிடித்துப் பாதி உள்ளே இழுத்திருந்தான். வாளி வழுக்கி இறங்கியபோது விளிம்புக்கும் தடுப்புக் குழாய்க்கும் நடுவில் அவன் விரல்கள் மாட்டிக்கொண்டன. அந்த அலறலைக் கேட்க வாக்கி டாக்கி தேவைப்படவில்லை.

மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் பாதிப் பாதி போயிற்று. மற்றதெல்லாம் தப்பியது. தப்பியதற்குச் சந்தோஷப்படுவதா, போனதற்கு அழுவதா என்று தெரியாமல் விஞ்ச்காரர் ஆஸ்பத்திரி நடைபாதையில் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தார். வந்தவர் போனவரெல்லாம் அவரைத்தான் அடிபட்டவர் என்று நினைத்தார்கள்.

மறுநாள் மாலை பாதுகாப்பு அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். வேலையிடத்தில் ‘ஹெல்மெட் மேடம்’ என்று எல்லோரும் கேலி செய்வது அந்தப் பெண்ணைத்தான். கையில் ஒரு படிவம். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் இரண்டு கட்டம். சைகை சொன்னவர் தவறு, இயக்கியவர் தவறு. யாரையும் தூக்கில் போடுவதற்காகக் கேட்கவில்லை, அடுத்த ஆளின் விரல் போகாமல் இருக்கத்தான் கேட்கிறேன் என்று அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார். நாளைக்குள் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டே கட்டம். ஆனால் மனிதர் பேனாவைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவன் ‘விடு’ என்றது வாளிக்கா, மாமாவுக்கா?

வாளிக்கு என்றால், கையை எடுக்காமல் சைகை சொன்னது அவன் தப்பு. இவருக்கு ஒன்றும் இல்லை, விஞ்ச் ஓட்ட அனுமதிக்கும் ஆபரேட்டர் அட்டை பிழைத்தது. ஆனால் அப்படியானால் அவன் மாமாவை மன்னிக்கவில்லை. மாமா மன்னிப்புக் கேட்டதைக் காதிலேயே வாங்காமல் வாளியை இறக்கச் சொல்லியிருக்கிறான். மாமாவுக்கு என்றால், ‘போகட்டும், அதையே நினைச்சிக்கிட்டிருக்காதீங்க’ என்று மனசு இறங்கிச் சொன்னவனின் விரலை இவரே நசுக்கியிருக்கிறார். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் கீழே முள்.

சமையலறை வாசலில் நின்றபடி மனைவி கேட்டாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

“அவன் விடுன்னு சொன்னானா, சொல்லலையா?”

“சொன்னான்.”

“எப்படிச் சொன்னான்? அப்படியே சொல்லுங்க.”

அப்படியே சொல்லிக் காட்டினார். அவள் முகம் சுருங்கியது. “என்னங்க, வீட்டில அவன் ஒருநாளும் உங்கள நீன்னு சொன்னதில்ல. உங்களுக்குச் சொல்லியிருந்தா ‘விடுங்க மாமா’ன்னுதானே சொல்லியிருப்பான்?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நியாயம்தான். மரியாதை இல்லாத ‘விடு’ வேலைச் சொல். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ‘சரி’ இருந்ததே? நாற்பத்து மூன்று நாளில் ஒரு தடவைகூட அவன் வேலைச் சொல்லுக்கு முன்னால் சரி போட்டதில்லை. அந்தச் ‘சரி’ வீட்டுச் சொல். ஒரே பேச்சில் முன்பாதி வீடு, பின்பாதி வேலை என்றால் மனிதர் எதை எடுத்துக்கொள்வது?

“அவன்தான் பொத்தானைப் பாதியில விட்டுடுவானே. பின்னாடி ஒரு ‘ங்க’ இருந்து, வராமப் போயிருந்தா?” என்றார்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் யாருக்காக அழுகிறாள், தம்பிக்கா, தனக்கா என்றும் அவருக்குப் புரியவில்லை. இரண்டே எழுத்து, கண்ணுக்குத் தெரியாத காற்றில் எங்கோ விழுந்துவிட்ட ஒரு ‘ங்க’. அதைத் தேடிக்கொண்டு அவர் அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவனிடமே கேட்டுவிடுவது என்று போனார். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி மச்சினன் படுத்திருந்தான். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுவே போதும் போல இருந்தது. ஆனாலும் கேட்டார்.

அவன் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். படிவம் வந்திருக்கும் விஷயம் கலவைக்காரர் மூலம் அவனுக்கு முன்னமே தெரியும். அட்டை போய்விட்டால் மாமாவுக்கு வேறு வேலை தெரியாது என்பதும் தெரியும்.

“வாளிக்குத்தான் சொன்னேன்” என்றான். “அப்படியே எழுதிக் குடுத்துடுங்க.”

விஞ்ச்காரர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். உண்மையா, மாமாவைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யா? உண்மை என்றால் அவன் மன்னிக்கவில்லை. பொய் என்றால், மன்னித்தவன் தவிர வேறு யார் இப்படி ஒரு பொய்யைச் சொல்வான்? கேட்டால் தெளியும் என்று வந்தவர் முன்பைவிடக் குழம்பிப் போய்ப் படியிறங்கினார். இரண்டு தடவை தப்பான மாடிக்குப் போய்த் திரும்பினார்.

கீழே வந்ததும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். இரண்டு கட்டத்திலும் டிக் போடவில்லை. கீழே காலியாக இருந்த இடத்தில் தன் கோணல் எழுத்தில் இப்படி எழுதினார்: “அவர் சொன்ன சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. எது என்று நான் கேட்கவில்லை. வாளி நின்றதும் நான் எண்ணவில்லை. வேலை நேரத்தில் வீட்டுப் பேச்சைத் தொடங்கியதும் நான்தான்.”

ஹெல்மெட் மேடம் அதை இரண்டு தடவை படித்தார். அந்த வீட்டுப் பேச்சைப் பற்றிக் கேள்விகள் வரும் என்று இவர் பயந்துகொண்டு நின்றார். அவர் ஒன்றுதான் கேட்டார். இனி என்ன சொல்லி இறக்குவது? விஞ்ச்காரர் யோசிக்காமல் சொன்னார். ‘இறக்கு’ன்னு வெச்சிக்கலாம் மேடம், அந்தச் சொல்லை யாரும் வீட்டில் கோபம் தீர்க்கச் சொல்ல மாட்டாங்க. மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே இருப்பவர் ‘இறக்கவா?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். மறுபடியும் ‘இறக்கு’ என்று வந்தால்தான் பிரேக்கில் கை வைக்க வேண்டும். அன்றைக்கே அது விதியாயிற்று. வாக்கி டாக்கியில் வேறு பேச்சு கூடாது என்பதும் விதியாயிற்று. கையால் தொடாமல் வாளியை உள்ளே இழுக்க நீளமான கொக்கிக் கம்பி ஒன்றும் மேலே போயிற்று. அவருடைய அட்டை இரண்டு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அந்த இரண்டு மாதமும் புதிய ஆளுக்குப் பக்கத்தில் நின்று கந்தைத் துணியைக் கயிற்றில் உருவிக் கொடுத்தார். “வீட்டுக்காரம்மா என்ன சொன்னாலும் திருப்பிக் கேக்கறாராம், அடி வாங்காம இருக்கணும்” என்றார் கலவைக்காரர். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சிரித்தார்.

மச்சினன் அக்கா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டான். கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் மாமாதான் பைக்கில் கூட்டிப் போவார். ஒற்றைக் கையால் ஹெல்மெட்டின் வாரை மாட்ட அவனால் முடியவில்லை. தாடைக்குக் கீழே குனிந்து இவர்தான் மாட்டிவிட வேண்டும். மூன்றாவது முறை அப்படி மாட்டிக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்.

“நான் சொன்னபடி எழுதலையாமே?”

“எழுதல.”

“வாளிக்குன்னு சொன்னேனே மாமா.”

“சொன்ன. நம்பத் தெரியல.”

“சரி, உங்களுக்குத்தான் சொன்னேன்னா நம்புவீங்களா?”

விஞ்ச்காரர் வாரைப் பிடித்தபடி நின்றார். “அதையும் நம்பத் தெரியலடா” என்றார்.

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே தெரியுமோ என்னவோ. அந்த நொடியில் அவன் மனசில் வாளி இருந்ததா, மாமா இருந்தாரா, அலறலோடு அதுவும் போய்விட்டதா, யார் கண்டது. கட்டுப்போட்ட கையை மெல்லத் தூக்கி மாமாவின் தோளில் வைத்தான்.

“விடுங்க மாமா.”

‘ங்க’ முழுசாக வந்தது. எந்தப் பொத்தானும் அதைத் தின்னவில்லை. அன்றைக்கு எது என்று இது சொல்லவில்லைதான். இன்றைக்கு எது என்று மட்டும் சொன்னது. ஆனாலும் விஞ்ச்காரர் இப்போதெல்லாம் எதையும் ஒரு தடவையில் எடுத்துக்கொள்வதில்லை.

“விடவா?” என்று திருப்பிக் கேட்டார்.

“விடுங்க” என்றான் அவன்.

அதற்குப் பிறகுதான் அவர் தன் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.