இன்பசேகரன் சாருக்குத் தொண்டை கட்டிய நாள்

இன்பசேகரன் சாரைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ரேணிகுண்டா பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.சி.ஏ. பிள்ளைகளுக்கு, வியாபார டேட்டாவை அலசி ரிப்போர்ட் எடுக்கும் பிசினஸ் இண்டெலிஜென்ஸ் பாடம் நடத்தினார். ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிர் மேஜை. பிரின்சிபால் கூப்பிட்டாலே கர்ச்சீப்பைத் தேடுவார். வகுப்புக்குள் போய்விட்டால் மட்டும் வேறு ஆள். அவருடைய அப்பா சித்தூரில் மிஷன் சபைப் போதகர். அவருடைய பிரசங்கக் குரல் அப்படியே மகனுக்கு வந்திருந்தது. மைக்கே வேண்டாம், கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்துவிடுவான்.

அந்தக் குரல்தான் வினையாகிப்போனது. அவரிடம் படித்த பவன்குமார், வெதுருகுப்பத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளை. கம்ப்யூட்டரில் சுத்தமாக வேலை செய்வான், ஆனால் போனில் யாராவது இங்கிலீஷில் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கக் கம்பெனியிலிருந்து போன் இண்டர்வியூ வந்த சாயங்காலம் சாரின் காலைப் பிடித்துக்கொண்டான். அப்போது எங்கள் பக்கம் இது சகஜம்; ஒருவன் பேரில் இன்னொருவன் பேசுவான், வேலை வாங்கித் தரும் கன்சல்டன்சிக்காரர்களே ஆள் பிடித்துக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன், யார் கேட்டார்கள்? சார் பவன்குமாராகப் பேசினார். பையன் விமானம் ஏறினான், கல்யாணமும் ஆனது.

அடுத்த வருடம் அவனிடமிருந்து போன். அவனை இண்டர்வியூ செய்த மேனேஜர் எத்திராஜ் நகரிக்காரர். குழந்தைக்கு மொட்டை போடத் திருப்பதி வருகிறாராம், அப்படியே எங்கள் கல்லூரியில் ஒரு லெக்சர் கொடுக்கிறாராம். "சார், அவரு முன்னாடி வாயத் தொறக்காதீங்க சார்," என்று அழுதான். குரல் பிடிபட்டால் அவன் வேலையும் போகும், விசாவும் போகும்.

சார் லீவ் கேட்டார். உங்கள் பாடம், நீங்கள்தான் உட்கார வேண்டும் என்று எச்.ஓ.டி. மறுத்துவிட்டார். லெக்சர் அன்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டது என்று எல்லோரிடமும் சைகை காட்டினார். சித்திரை வெயிலில் மஃப்ளர்!

எத்திராஜ் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவர் வணக்கம் சொல்ல, சார் கையை மட்டும் கூப்பினார். லெக்சர் முடியும் நேரத்தில் எத்திராஜ் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார். நகரிக் கடையில் சேலை வாங்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார், டேட்டாவில் என்ன செய்வீர்கள்? கலைவாணி என்ற பெண் எழுந்து, பழைய ஊரை அழித்துவிட்டுப் புது ஊரைப் போடுவோம் என்றாள். கரெக்ட் என்றார் எத்திராஜ்.

நான் சாரைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஏழுமலையானே, இந்த மனுஷனை எழவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தத் தப்பை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்துவிட்டார். பழைய ஊரை அழித்தால், போன வருடம் நகரிக்காரர் வாங்கியதெல்லாம் பெங்களூர்க்காரர் வாங்கியதாக ரிப்போர்ட் காட்டும். பழைய ஊர் உள்ள வரி அப்படியே இருக்க வேண்டும், அதன் கீழே புது ஊருக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் கணீரென்று சொன்னார். எத்திராஜ் அவரையே பார்த்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு எங்களோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினார். பவன் மேல் தப்பில்லை, எல்லாம் நான்தான் என்று சார் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். எத்திராஜ் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"போன்ல பேசுனது அவன் இல்லன்னு வேலைக்கு வந்தன்னிக்கே தெரியும் சார். அவனுக்குப் பாடம் நடத்துனவரு நீங்கன்றதால உங்க மேலதான் சந்தேகம்; தப்ப கரெக்ட்னு சொன்னா நீங்க சும்மா இருக்க மாட்டீங்கன்னுதான் அப்டி சொன்னேன். பவன் நல்லாத்தான் வேலை செஞ்சிக்கினு கீறான். என் மச்சான் ஒருத்தன் கீறான், வியாழக்கெழம அவனுக்குப் போன் இண்டர்வியூ. அவன் பேர்ல நீங்க பேசணும்."

"முடியாதுங்க," என்றார் சார். யாரிடமும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எத்திராஜ் கோபப்படவில்லை. "பவன் வூட்டுக்காரி மாசமா கீறா. சொன்னானா சார்?"

அவன் சொல்லியிருக்கவில்லை. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார்.

"உங்க மச்சான் பேரு என்னங்க?" என்று கேட்டார்.