மூன்று நட்சத்திரம் தெரியும்வரை

எங்கள் அக்கா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாமலேயே எங்கள் குடும்பம் காலத்தை ஓட்டிவிட்டது. "பம்பாயில ஆபீஸ் வேலைங்க" என்று அப்பா முடித்துக்கொள்வார். பெரியம்மாதான் விடமாட்டார். "யூதருங்கன்னு யாரோ இருக்காங்களாமா. அவியளுக்காக ஊடு ஊடாப் போய்ப் பணம் கேக்கறாளாமா. நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா அவியளா வந்து நிக்கப் போறாங்க?" என்பார். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலரும் அதற்குத் தலையாட்டியவர்கள்தான். பரவாயில்லை, மேலே படியுங்கள்.

அக்கா பிறந்தது கொமரலிங்கத்தில். அப்பாவின் நெல் வியாபாரம் நொடித்துப்போன வருடத்தில் தாராபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தார். டைப்ரைட்டிங் தேறினார். மச்சான் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் பம்பாய்க் கிளையில் இருந்ததால் கல்யாணமானதும் அங்கே போனார். மகள் நடை பழகும் முன்பே மச்சான் தவறிவிட்டார். ஊருக்கு வந்துவிடு என்று எல்லோரும் சொன்னோம். அக்கா வரவில்லை. அடுத்த தெருவில் யூதர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தின் அறக்கட்டளையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார்.

நன்கொடை தந்தவர்களுக்கு நன்றிக் கடிதம் அடிப்பதுதான் வேலை. அதில் தாமாக இரண்டு வரி சேர்த்து எழுதுவார். மேலதிகாரி கண்டுபிடித்தார், திட்டுவார் என்று அக்கா பயந்தார். அவரோ நன்கொடை திரட்டும் வேலையையே அக்கா தலையில் கட்டிவிட்டார். பிறகு அதே சமூகத்தின் முதியோர் இல்லத்துக்கு மாறி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

ஒரு வீட்டுக்கு முதல் தடவை போனால் எதுவும் கேட்கமாட்டார். தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவார். "அப்புறம் எதுக்குங்க்கா பஸ் ஏறிப் போறீங்க?" என்று கேட்டேன். "அந்த ஊட்ல யாருக்கு முட்டிவலி, யாரு பரிச்சை எழுதறாங்கன்னு தெரியாம என்னத்தக் கேக்கறது தம்பி?" என்றார். யூதர்கள் தங்கள் புத்தாண்டுக்கு ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள். அதற்காக நம் பக்கத்து மலைத்தேனை வருடாவருடம் என்னை வாங்கி அனுப்பச் சொல்வார். பார்சலில் பாட்டில் உடைந்து, தபால்காரரிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டதும் உண்டு.

அவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து, சனி மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அந்த இல்லத்தில் யாரும் பணத்தைத் தொடமாட்டார்கள், போனையும் தொடமாட்டார்கள். அக்கா கடைசிவரை பழனி முருகனைத்தான் கும்பிட்டார். ஆனாலும் அந்த நேரத்தில் இல்லத்துக்காக யார் எது கொடுத்தாலும் வாங்கமாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் செய்தால், "அங்க இருட்டிருச்சா தம்பி? இங்க இன்னும் வெளிச்சமா இருக்குது" என்பார். பம்பாய் மேற்கே இருப்பதால் அங்கே செத்த நேரம் கழித்துத்தான் இருட்டும்.

ஒரு மழைக்காலத்தில் இல்லத்தின் மேல்தளம் ஒழுகி, கட்டிடமே ஆபத்து என்றாகிவிட்டது. மூடிவிட்டு முதியவர்களை ஆளுக்கொரு இடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு. பம்பாயில் தட்டவேண்டிய கதவையெல்லாம் தட்டிவிட்டு அக்கா திருப்பூர் வந்தார். நான் ஜாப் வொர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் பனியன் கம்பெனி முதலாளியிடம் அழைத்துப்போனேன். முன்பே இரண்டு தடவை வந்து, அக்கா வழக்கப்படி சும்மா பேசிவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது சந்திப்புக்கு நாள் குறித்தவன் நான். நம் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பள நேரம், முதலாளி கட்டாயம் இருப்பார் என்று எனக்குக் கணக்கு.

முதலாளி செக்கை எழுதித் தயாராக வைத்திருந்தார். நீட்டினார். அக்கா கையைக் கட்டிக்கொண்டார்.

"இப்ப வாங்கறதில்லீங்க."

"ஏனுங்கம்மா? நீங்க அவிய ஆளு இல்லீங்களே?"

"நான் இல்லீங்க. இது போய்ச் சேர்ற ஊடு அவியளுதுங்க. மூணு நட்சத்திரம் தெரியட்டும், வாங்கிக்கறேனுங்க."

முதலாளியின் முகம் சுருங்கியது. அக்காவின் இல்லத்தோடு என் ஜாப் வொர்க்கும் போயிற்று என்றே நினைத்தேன். அக்கா வெளியே போய், சம்பளத்துக்கு நின்றவர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் விஷயம் கேட்டு அவர்களும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதலாளியே வெளியே வந்தார். "லைட்டு எரிஞ்சா எங்கிருந்துங்க தெரியும்?" என்று சொல்லி வாசல் விளக்கை அணைக்கச் செய்தார். மூன்றாவது நட்சத்திரத்தைக் காட்டியவர் ஒரு பீகார்த் தொழிலாளி. செக் கைமாறியது. மேல்தளம் எழும்பியது.

ஓய்வுக்குப் பிறகு அக்கா வேலம்பாளையத்தில் மகள் வீட்டில் இருந்தார். சிறுநீரகம் பழுதாகி நிறையச் சிரமப்பட்டார், முகம் சுளிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, உயிர் பிரிந்தது. அக்கா மகள் உடனே இல்லத்துக்குச் செய்தி அனுப்பினாள். சனிக்கிழமை தகனம். அன்று முழுக்க எங்கெங்கிருந்தோ போன் வந்தது, இல்லத்திலிருந்து மட்டும் வரவில்லை. சாயங்காலம் பெரியம்மா, "அத்தனை வருசம் ஒழைச்சா. ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று அழுதார். அக்கா மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளை வாசலுக்குக் கூட்டிவந்தேன். மூன்று நட்சத்திரமும் தெரிந்தது. போன் அடிக்கவில்லை.

"இன்னும் கூப்பிடலீங்களே மாமா" என்றாள்.

"அங்க இன்னும் வெளிச்சமா இருக்கும் கண்ணு" என்றேன். சொன்னேனே தவிர எனக்கும் பயம்தான்.

செத்த நேரத்தில் போன் அடித்தது. இல்லத்தின் பொறுப்பாளரான வயதான அம்மாள். பேச முடியாமல் அழுதார், பிறகு ஒன்று கேட்டார். பிரார்த்தனையில் இறந்தவர்களை இன்ன தாயின் பிள்ளை என்று சொல்லித்தான் வேண்டுவார்களாம். எங்கள் அக்காவுக்காகவும் வேண்டப்போகிறார்கள், அம்மாவின் பெயர் என்ன என்றார். "பழனாத்தாள்" என்றேன். அவருக்கு வாயில் நுழையவில்லை. சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "எந்தங்கச்சி பேர எதுக்குடா கேக்கறாங்க?" என்றார். சொன்னேன். பெரியம்மா போனை வாங்கி, மொழி தெரியாமலே, "நல்லா இருங்க சாமி" என்றார்.

அக்காவைக் கண்போல் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், வேலம்பாளையத்துப் பக்கத்து வீட்டார், அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த என் கம்பெனித் தோழர்கள், பந்தல் போட்டதிலிருந்து பந்தி முடியும்வரை கூட நின்ற பங்காளிகள், மாமன் மச்சான்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கொமரலிங்கத்தைத் தாண்டி வெளியூர் பார்க்காத எங்கள் அம்மாவின் பெயரை, பம்பாயில் தப்பில்லாமல் சொல்லி அக்காவுக்காக வேண்டிக்கொண்ட அந்த அம்மாளுக்கும் எங்கள் நன்றி. இந்த மலர் அவருக்கும் போகிறது, ஒரு பாட்டில் தேனோடு.