கொதித்த ஜலம்

எல்லம்மாளைப் பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "பாவம், ஆம்படையான் போய்ட்டானா?" வெள்ளிக்கிழமை காலையில் தலையில் ஒரு கிள்ளுப் பூ இல்லாமல் வந்து நின்றால் எங்கள் ஊரில் வேறு எப்படிக் கேட்பார்கள்? அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வூட்டுக்காரரு நல்லா இருக்காரு சாமி. நான் வேலை பாத்த வார்டுல பூ வைக்கக் கூடாது. பதினேழு வருஷம் வைக்காம இருந்து பழக்கமே போயிடுச்சு" என்றாள்.

அந்த வார்டு சென்னையில் எலும்பு மஜ்ஜை மாற்றும் வார்டு. கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவள், நோயாளிக்குத் துணை இருக்கும் ஆளாக உயர்ந்தாள். மூட்டு தேய்ந்த பிறகு சொந்த ஊரான முசரவாக்கத்துக்குத் திரும்பிவிட்டாள். அவள் புருஷன் கந்தன் அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் வீட்டுக் குப்பையையும் சேர்த்துக் கொட்டாமல் அவளைப் பற்றி எழுத முடியாது.

நான் பெருந்தேவி. சின்ன காஞ்சிபுரத்தில் வீடு, பள்ளியில் உயிரியல் டீச்சர், ஐம்பத்தொரு வயது. வாய் நீளம் என்று பெயர். தம்பி ரங்கநாத் தபால் நிலையத்தில் இருக்கிறான். எங்கள் இருவருக்குமே கல்யாணம் அமையவில்லை. அப்பா ஸௌந்தரராஜனோடு சேர்த்து வீட்டில் மூன்றே பேர். ரங்கநாத்துக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. என் மஜ்ஜை பொருந்தியது. அவனுடைய பழைய மஜ்ஜையை மருந்தால் துடைத்துவிட்டு, என் இடுப்பெலும்பிலிருந்து எடுத்ததை அவன் நரம்பில் ஏற்றினார்கள். இருபதாம் நாள் வெள்ளையணுக்கள் தலைகாட்டின. ஒன்றரை மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிளம்பும்போது டாக்டர் அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். "எண்ணிக்கை ஏறிடுச்சுன்னு ஏமாந்துடாதீங்க. எலும்போட உள்சுவரை ஒட்டி, எலும்பைக் கட்டுற செல்கள் இருக்கு. நோய் எதிர்ப்பு அணுக்களைக் குட்டியில இருந்து ஊட்டி வளர்க்கறதுல அதுங்களுக்குப் பெரிய பங்கு. நாம குடுத்த மருந்து அதுங்களையும் அடிச்சிருக்கு. விதை உங்களோடது. வளர்க்க வேண்டியது அவரோட எலும்பு. அதுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம்."

எனக்கு அவமானமாக இருந்தது. மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாகின்றன என்று இருபத்தாறு வருஷமாக ஒரே வரியைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எலும்பு என்றால் உடம்பைத் தாங்குகிற சட்டம், அவ்வளவுதான் எனக்கு. அது உட்கார்ந்து பிள்ளை வளர்க்கிறது என்று வகுப்பில் எந்தப் பெண்ணுக்கும் நான் சொன்னதில்லை.

வீட்டில் ரங்கநாத்தைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய ஆள்தான் எல்லம்மாள். வந்த அன்றே அவன் அறையைத் தலைகீழாக்கினாள். துளசிச் செடியும் பழைய பஞ்சாங்கக் கட்டும் வெளியே போயின. "தீர்த்தம் வேணாம், பச்சைக் காய் வேணாம், கோயிலுக்குப் போயி வந்தவங்க கை கால் கழுவாம கிட்ட வரக் கூடாது" என்றாள். அப்பா முணுமுணுத்தார், ஆனால் பிள்ளைக்காகப் பொறுத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் விடவில்லை. அடுக்களையைத் தளிகை உள் என்போம். அதன் படியை அவள் தாண்டக் கூடாது. "மடிங்கறது எல்லாருக்கும்தான்" என்பார், ஆசாரச் சுத்தத்தைச் சொல்லி. எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. வாய் நீளமாம், வாய்!

அவள் படியிலேயே நின்று கேட்டாள். "தண்ணி காய வச்ச பாத்திரத்துலயே குடுக்கிறீங்களாம்மா? நான் ஒரு தபா உள்ள வந்து பாக்கட்டா?"

"இருபது நிமிஷம் கொதிக்க வைக்கிறேன். எங்காத்துத் தளிகை உள் மாதிரி சுத்தம் உங்க ஆஸ்பத்திரிலகூடக் கிடையாது" என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி அதே பதில்தான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? விடியற்காலையில் குளித்து, யார் கையும் படாமல் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, ஜலத்தை இருபது நிமிஷம் கொதிக்க வைப்பேன். பிறகு வெள்ளிக் கூஜாவை எடுத்து, மடியாக இருக்க வேண்டுமே என்று, கிணற்று ஜலம் விட்டு நன்றாக அலம்புவேன். அந்த ஈரக் கூஜாவில் கொதித்த ஜலத்தை ஆறவைத்து ஊற்றி மூடி, ரங்கநாத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நுண்ணுயிரிப் பாடம் நடத்துகிற வாத்தியாரம்மா! யாரும் தொடாதது சுத்தம் என்று என் கை நினைத்தது. கிருமிக்குத் தீட்டு ஏது?

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரங்கநாத்துக்குக் குளிர் எடுத்தது. எல்லம்மாள் காய்ச்சல் பார்த்தாள். நூற்றொன்றைத் தாண்டியிருந்தது.

"வண்டியைக் கூப்பிடுங்கமா. இப்பவே."

"பத்தரைக்கு ராகு காலம். பன்னெண்டுக்கு மேல கிளம்பலாம். ஒரு மாத்திரை குடு" என்றார் அப்பா.

"சாமி, பன்னெண்டு மணிக்கு உங்க புள்ள இருக்க மாட்டாரு!"

அந்த வீட்டில் யாரும் அப்பாவிடம் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. அவரை விலக்கிக்கொண்டு போய், தேய்ந்த மூட்டோடு அவனைத் தோளில் சாய்த்து வாசலுக்கு நடத்தினாள். சென்னை போய்ச் சேர்வதற்குள் அவன் உதடு நீலமாகிவிட்டது. நான் அவன் காலைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். "தேய்ங்கமா, வுடாதீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. தண்ணீரில் வாழ்கிற கிருமி என்றார் டாக்டர் அம்மா. "வீட்ல தண்ணி யார் பொறுப்பு?"

எனக்குக் கூஜா கண்ணில் நின்றது. கூடவே வண்டியில் வந்திருந்த அப்பா எல்லம்மாள் பக்கம் கையை நீட்டி, "எல்லாம் இந்த வேலைக்காரிதான்" என்றார்.

நான் சும்மா நின்றேன். டாக்டர் அவளைப் பார்த்த பார்வையை எந்த ஜன்மத்திலும் மறக்க மாட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டாள்.

பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து ரங்கநாத் திரும்பி வந்தான். எதிர்ப்பு அணுக்கள் இன்னும் தரைமட்டத்தில்தான். இன்னொரு காய்ச்சல் வந்தால் தாங்க மாட்டான் என்றார்கள். நான் சம்பளமில்லா விடுப்பு போட்டு, கூஜாவைத் தூக்கிப் பரணில் எறிந்து, எல்லாவற்றையும் கொதிக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மாதத்தில் என் கையில் சக்தியே இல்லை. உட்கார்ந்தபடி தூங்கினேன். கையை அலம்பினேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் போனது. அன்றைக்கே முசரவாக்கத்துக்கு வண்டி ஏறினேன்.

எல்லம்மாள் மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூடச் செய்யாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும்மா" என்றாள். "கூஜா அடியில எப்பவும் பச்சைத் தண்ணியில கழுவின ஈரம் இருக்கும். அன்னிக்கு டாக்டரம்மா கேட்டப்பதான் எனக்கு உறைச்சுது."

"அப்பறம் ஏன் சொல்லலை? உன்மேல பழி போட்டோமே!"

"சொல்லியிருந்தா, நம்ம கையால ஆச்சேன்னு நீங்க அவருகிட்ட போகவே பயந்துடுவீங்க. அப்படி பயந்தவங்க எத்தினி பேரைப் பாத்துருக்கேன். அப்பறம் யாரு அவரைப் பாக்கிறது?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வந்துவிடு என்று கெஞ்சினேன். அவள் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள என்னா நடக்குதுன்னு தெரியாம வெளிய குந்திக்கினு ஒரு உசுரைக் காக்க முடியாதும்மா. அடுப்பு என் கண்ணு எதிர்ல இருக்கணும். உங்க அப்பாரு ஒத்துக்குவாரா, கேளுங்க."

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். "உங்க பிள்ளை வேணுமா, மடி வேணுமா?" அவர் ரங்கநாத்தின் அறைப் பக்கம் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு எழுந்து நின்றார்.

"வரட்டும். தளிகை உள்ளை அவகிட்டயே விட்டுடு. நான் என் அடுப்பை மாடிக்கு மாத்திண்டுடறேன்."

எல்லம்மாள் வந்தாள். பதினோரு மாதம் எங்கள் அடுப்படியில் நின்றாள். அவள் கையால் வடித்த சோற்றைத் தின்றுதான் ரங்கநாத்தின் எலும்பு, நான் கொடுத்த விதையை வளர்த்து ஆளாக்கியது. போன தை மாதம் அவன் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தான். முதல் நாள் வாசலில் நின்று அவனை அனுப்பிவிட்டு, அவளும் ஊருக்குக் கிளம்பினாள்.

அப்பா மட்டும் இன்னும் கீழே இறங்கவில்லை. அவள் நின்ற அடுப்பாம். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. தினமும் இரண்டு குடம் ஜலம், பதினெட்டுப் படி, நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.