திரேசம்மா அக்காவின் ஊமை வயர்

வயர் செய்து கொடுக்கிற தொழிலில், நன்றாக வேலை செய்கிற வயரைப் பற்றிச் சொல்ல ஒருவரும் கடைக்கு வருவதில்லை. திருப்பிக் கொண்டுவருகிறவர்களின் முகங்கள்தான் மனதில் நிற்கும். கையால் செய்து விற்ற ஏதாவது ஒன்று திரும்பி வந்து மேசையில் கிடக்கப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரமும் இல்லை, கடைகளில் பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து றேடியோவுக்குக் கரண்ட் எடுப்போம். அந்த இரண்டையும் இணைக்கிற வயரை அளந்து வெட்டி, நடுவில் ஒரு டயோட்டும் முனையில் பிளக்கும் வைத்து, ஈயம் பற்றவைத்துக் கொடுப்பதுதான் வட்டக்கச்சியில் இராசு அண்ணையின் கடையில் என் வேலை. கூட இருந்தவள் வள்ளியம்மை, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண்.

வெள்ளிக்கிழமை வயர்

திரேசம்மா அக்கா முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு விற்க வருகிறவா; புருசன் கடற்றொழில். வாங்கிப்போன வயரை மூன்றாம் கிழமையே கொண்டுவந்து மேசையில் வைத்தா. "றேடியோ ஊமையாப் போச்சு, பிள்ளை. காத்து எப்பிடியெண்டு கேட்டுத்தான் இவர் தொழிலுக்குப் போறவர். போன கிழமை கேக்காமப் போய், வாடைக்காத்துக்குள்ள அம்பிட்டு, அடுத்த நாள் மத்தியானம்தான் கரைக்கு வந்தவர். நான் கரையிலயே இருந்தனான்" என்றா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

முனையை இரண்டு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஈயம் வைத்தேன். றேடியோ பாடியது. அப்படியென்றால் பழைய ஈயத்தில்தான் பிழை. ஆனால் ஏன்? கொப்பியைப் புரட்டினால் அது ஒரு வெள்ளிக்கிழமை செய்த வயர். அந்த மாதம் வேறு ஆட்களிடமிருந்து திரும்பி வந்த இரண்டும் வெள்ளிக்கிழமை வயர்கள்தான். யோசித்து யோசித்து மண்டை காய்ந்த பிறகு வள்ளியம்மையைப் பார்த்தேன். அவள் என் தலையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு வருவோம். நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்குவோம். அதே விரலால் செம்புக் கம்பியைத் தொடுவோம். எண்ணெய் பட்ட கம்பியில் ஈயம் ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிராது. அன்றிலிருந்து மேசைக்குப் பக்கத்தில் சவர்க்காரமும் ஒரு சட்டி தண்ணீரும் வைத்தோம். கை கழுவிக்கொண்டே வள்ளியம்மை சொன்னாள்: "சாமிக்கு வேற சுத்தம், ஈயத்துக்கு வேற சுத்தமுங்க."

பூட்டுத் தொங்கிய வயர்

அடுத்த மாதம் திரேசம்மா அக்கா திரும்பவும் வந்து நின்றா. இந்த முறை, செவ்வாய்க்கிழமை கழுவின கையால் திரும்பவும் பற்றவைத்துக் கொடுத்த வயர். எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. வட்டக்கச்சிக்காரரின் வயர் வருசக்கணக்காகப் பாட, இவவின் வயர் மட்டும் ஏன் இருபது நாளில் சாகிறது? உப்புக்காற்று என்றாள் வள்ளியம்மை. ஆனால் அதே கரையில் இருந்த ஒரு வாத்தியார் வீட்டு வயர் பாடிக்கொண்டிருந்தது. பிடித்து இழுக்கிறார்களோ என்றார் இராசு அண்ணை.

அதற்கு அவரே ஒரு சோதனை வைத்தார். செய்து முடித்த ஒவ்வொரு வயரையும் கூரை வளையில் கட்டி, பிளக்கில் பெரிய ஆமைப்பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். ஒரு மணித்தியாலம் தாங்கினால்தான் விற்பனைக்கு. திரேசம்மா அக்காவின் வயரை முனை வெட்டிப் புதிதாகச் செய்து, இரண்டு மணித்தியாலம் தொங்கவிட்டுக் கொடுத்தோம். "இவர் இனி நம்பிப் போகலாமோ?" என்று கேட்டா. நான் துணிந்து "ஓம் அக்கா" என்றேன். வாசலில் நின்ற உருத்திரபுரத்துக் கமக்காரர் ஒருவர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "வயருக்கு ஏன் பிள்ளை பூட்டு? அதை ஆர் களவெடுக்கப் போறான்?"

இளகின முடிச்சு

மூன்றாவது முறை அவ வந்தபோது எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இரண்டு நாளாகப் புருசனைத் தொழிலுக்கு விடாமல் மறித்து வைத்திருந்தாவாம். வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை.

வழக்கம்போல முனையை வெட்டிப் புதிதாகச் செய்து, கடைச் சைக்கிளில் கொளுவினேன். வள்ளியம்மை பெடலைச் சுற்ற, பாட்டு வந்தது. நம்பிக்கை வரட்டும் என்று வயரைத் திரேசம்மா அக்காவின் கையிலேயே கொடுத்து, கதிரையில் இருத்தினேன். அவ வயரைத் தடவிக்கொண்டே பேசினா. விரல் ஒரு இடத்தில் நின்றது. எங்களிடம் இருந்தது எல்லாம் ஒரே கறுப்பு நிறப் பழைய ரெலிபோன் வயர். பிளஸ் எது என்று தெரிய, அந்தக் கம்பியில் மட்டும் ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டு விடுவோம். அவ அந்த முடிச்சை எச்சிலில் நனைத்து, ஒரு பக்கத்தைப் பல்லால் கடித்து, மறுபக்கத்தைக் கையால் இழுத்தா. பேச்சு நிற்கவில்லை. இன்னொரு இழுவை. மூன்றாவது இழுவையில் பாட்டு நின்றது.

வள்ளியம்மை பெடலைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தாள். முடிச்சை வெட்டிப் பிளந்து பார்த்தேன். வெளியே றப்பர் முழுசாக இருந்தது. உள்ளே ஒற்றைச் செம்புக் கம்பி இரண்டாக முறிந்திருந்தது. துண்டு வயர்கள் போடுகிற பால்மா ரின்னைக் கவிழ்த்தேன். அவவின் வயரிலிருந்து வெட்டின பழைய முனைகள் மூன்றும் கிடந்தன. மூன்றிலும் அதே இறுகின முடிச்சு, உள்ளே அதே முறிவு. முறிந்ததை நானே வெட்டி எறிந்து, அதே இடத்தில் இன்னொரு முடிச்சும் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒருமுறையாவது பிளந்து பார்த்தேனா? வெட்கமாக இருந்தது. "அக்கா, முடிச்சை ஏன் இழுத்தனீங்கள்?" என்றேன். பத்து வயதிலிருந்து வலை பொத்துகிற அந்த மனுசி என்னைப் பரிதாபமாகப் பார்த்தா: "இளகின முடிச்சைக் கண்டால் கை எப்பிடிப் பிள்ளை சும்மா இருக்கும்?"

இலை அசையாத நாள்

முடிச்சுப் போடுவதை விட்டோம். பிளஸ் கம்பியில் சிவப்பு நூலை நெருக்கமாகச் சுற்றிவிட்டோம். அந்தச் சுற்றைத் தொடங்கி முடிக்கிற விதத்தைக் காட்டித் தந்ததும் அவதான். எங்களுடைய சுற்று அவவுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மாதம் அவ வரவில்லை. வயர் பாடுகிறதா, மனுசன் கரைக்கு வந்தாரா என்று ஒன்றும் தெரியாமல் சந்தைக்குப் போகிற கருவாட்டுக் கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் வெறுங்கையோடு வந்தா. முதல் தடவை றேடியோ பலத்த காற்று என்று சொல்ல, புருசனை மறித்திருக்கிறா. அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. மனுசன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அடுத்த முறையும் றேடியோ காற்று என்றது. அவர் போயே தீருவேன் என்று நிற்க, அவ துடுப்பைத் தூக்கி ஒளித்துவிட்டா. பின்னேரம் அடித்த காற்றில் குசினிக் கூரை பறந்தது. கடலில் நின்ற இரண்டு வள்ளங்களைக் கரையில் இருந்தவர்கள் பெரும்பாடுபட்டு இழுத்தெடுத்தார்களாம்.

"வயர் எப்பிடி அக்கா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தா: "எனக்கென்ன தெரியும் தங்கச்சி? அவர்தான் இப்ப அதை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுறார். என்னைத் தொடவும் விடுறேல்லை."

சவர்க்காரம், ஆமைப்பூட்டு, சிவப்பு நூல் எல்லாம் சரிதான், ஆனால் செய்த சாமானைக் கொடுக்கிறதுக்கு முன் வாங்குகிறவரின் கைக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்டு வைப்பதற்கு எனக்கு மூன்று வயர் செலவானது.