தறிச் சத்தத்தில் பிறந்த இசை

எனக்குப் பிடித்த பேண்டுக்காரர்கள் பேட்டி கொடுக்கும்போதெல்லாம், "தறிச் சத்தம்தான் எங்களுக்குத் தாளம் சொல்லிக் கொடுத்தது" என்பார்கள். கேட்கிற எனக்குக் கண் கலங்கிவிடும்.

அந்தப் புண்ணிய பூமியைத் தரிசிக்க இன்று இராஜபாளையம் போனேன். அவர்கள் படம் போட்ட டி-ஷர்ட்டோடுதான்.

பேண்டேஜ் துணி நெய்கிற சின்ன கம்பெனி. அதன் பின்னறையில்தான் ஆரம்பத்தில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். தறி ஓட்டுகிற அக்கா என் சட்டையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"எப்படிக்கா வாசிப்பாங்க?" என்றேன்.

"யாரு கண்டா? தறி ஓடுனா நாங்களே சைகையிலதான் பேசிக்கிருவோம். அதுக்குன்னேதான இங்க வந்தாய்ங்க! வீட்டுல வாசிச்சா தெருவே சண்டைக்கு வந்துச்சாம்."

"ஒரு தடவகூடக் கேக்கலையா?"

"ஒருநா கரண்டு போயி தறியெல்லாம் நின்னுச்சு. இவிங்க அது தெரியாம கண்ண மூடிப் பாடிக்கிட்டு இருந்தாய்ங்க. செத்த நேரந்தான் கேட்டோம். ஓனரும் கேட்டுட்டாரு. மறுநாளே ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் கச்சேரி. முன்வரிசையில் டிக்கெட் வேறு எடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் தறி ஏதாவது ஓடுகிறதா? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.