மஞ்சள் கை சிவந்த வெள்ளிக்கிழமை

1. கட்டியாகிப்போன கிரேயான்

பாலவனத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடிக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், ஆர்ட் சாமான் பெட்டியைத் திறந்தேன். கிரேயான் எல்லாம் வெயிலில் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. அதைத் தூக்கிக் காட்டியதும் பதினான்கு பிள்ளைகளும், "டீச்சர், கேக்கு!" என்று கத்தினார்கள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அருப்புக்கோட்டையில் புதிதாகத் திறந்த இங்கிலீஷ் ஸ்கூல் வேன் அந்தத் தெருவுக்கு வர ஆரம்பித்திருந்தது. ஏற்கெனவே ஆறு பிள்ளைகள் அதில் ஏறிவிட்டார்கள். இன்னும் நாலு பேர் போனால் சென்டரைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் மேடம் சொல்லியிருந்தார்.

ஊரில் நிறைய நிலம் வைத்திருந்த ராமசுப்பு ஐயாவின் பேத்தி தர்ஷினியும் எங்களிடம்தான் இருந்தாள். நாலு வயசு. அவளை அவர் வேனில் ஏற்றினால், தெருவே பின்னால் ஏறிவிடும்.

2. கலர் இல்லாத ஆக்டிவிட்டி

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, சமையல் உதவியாளர் பேச்சியம்மாளிடம் மஞ்சள்தூள் வாங்கி, கஞ்சியில் குழைத்துத் தாம்பாளத்தில் ஊற்றினேன். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டேன். உள்ளங்கையை முக்கித் தாளில் அமுக்கினால் கை அச்சு. அதுதான் ஆக்டிவிட்டி.

கால் மணி நேரம்தான். தாளில் ஆரம்பித்த அச்சு சுவருக்குப் போய், கதவுக்குப் போய், பேச்சியம்மாள் முதுகில் போய் நின்றது. "ஐயோ, என் புது ஜாக்கெட்டு!" என்று அவர் ஓட, பிள்ளைகள் விரட்ட, எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

கழுவப் போனால் குழாயில் தண்ணீர் வரவில்லை. இருந்த குடத்துத் தண்ணீர் குடிக்கத்தான் காணும். "வீட்டுல போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கங்க" என்று மஞ்சள் கையோடு அனுப்பிவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

3. "ரத்தம், ரத்தம்!"

சென்டரைப் பூட்டப் போகும்போது ராமசுப்பு ஐயா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே அஞ்சாறு ஆம்பளைகள். குழந்தையின் கையில் சோப்பு நுரை. நுரைக்கு அடியில் கை செக்கச்செவேல் என்று இருந்தது.

"ஏம்மா டீச்சர், பிள்ளை கையில என்னத்தம்மா பூசினீக? சோப்பப் போட்டதும் ரத்தமா வருது! திங்கக்கெழம எல்லாப் பிள்ளையவும் வேன்ல ஏத்துறேனா இல்லையா பாருங்க!"

மஞ்சளில் கலப்படமோ, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ? குனிந்து, "வலிக்குதாடா?" என்றேன்.

தர்ஷினி இன்னொரு கையையும் நீட்டினாள். "இதுக்கும் சோப்பு போடுங்க டீச்சர், இதுவும் செவப்பாகணும்!"

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ராமசுப்பு ஐயா அவருக்கு மாமா முறை.

"மாமா, வேட்டியில சாம்பார் கொட்டினா, சோப்புப் போட்டதும் செவப்பாகும்ல? மஞ்சளு சோப்பு பட்டா அப்படித்தான் செவக்கும்! வீட்டுல ஒரு நாளாச்சும் துணி தொவச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

வந்த ஆம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களை என்ன சொல்ல? வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருந்தும், அந்த நேரத்துக்கு எனக்கே உறைக்கவில்லை.

மீதி மஞ்சளைக் காலண்டர் தாளில் தடவி அவர் முன்னால் விரித்தேன். குடத்தில் மிஞ்சியிருந்த தண்ணீரில் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர் கரைத்தேன். "ஐயா, விரல முக்கி ஒரு கோடு போடுங்களேன்."

"நானா?"

"நீங்கதான்."

போட்டார். மஞ்சள் தாளில் சிவப்புக் கோடு விழுந்தது. "அட!" என்றார். இன்னொரு கோடு. பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டே உட்கார்ந்துவிட்டார். நாலு காலும் ஒரு வாலும் வந்தது.

"தாத்தா, பன்னி!" என்றாள் தர்ஷினி.

"ஏத்தா, அது நம்ம காளையில்ல!"

கூட வந்தவர்களில் ஒருவர், "கொம்பே இல்லாம என்ன காளை? தள்ளு, நான் போடுதேன்" என்று விரலை முக்கினார். இன்னொருவர், "டீச்சரம்மா, எனக்கொரு தாளு" என்றார். சண்டைக்கு வந்தவர்கள் தாளுக்குச் சண்டை போட்டார்கள். இருட்டும் முன்னால் அவர்களைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

திங்கட்கிழமை வேன் வந்து ஹாரன் அடித்தது. ராமசுப்பு ஐயா பேத்தியைக் கையில் பிடித்து எங்கள் வாசலில் விட்டார். "இன்னைக்கு என்ன கலரும்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நின்றார். பதினான்கு பிள்ளைகளில் ஒருவர்கூடப் போகவில்லை. அடுத்த மாதம் வேனில் போன இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். எந்தச் சாயமானாலும் முதலில் உங்கள் கையில் பூசி, சோப்புப் போட்டுக் கழுவிப் பாருங்கள். அப்புறம், பெற்றவர்கள் கோபமாக வந்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். படம் போடுகிற ஆளுக்குக் கத்த நேரம் இருக்காது.